வரைபடத்தில் தெரிந்த செங்காடு

அக்காவின் புதுத் தோட்டத்தில் தண்ணீருக்குப் போர் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, திண்டுக்கல்லில் பழனி பஸ் ஏறித் தொப்பம்பட்டிப் பக்கம் போனேன். லாரிக்காரர்கள் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். வேலியோர முருங்கை மேலெல்லாம் வெள்ளைப் புழுதி. அக்கா வீட்டுக்காரர், என் மாமா, பூசை போட்ட சந்தனம் நெற்றியில் தெரிய ஓடி வந்தார்.

“வாங்க மாப்ள! சும்மா ஒண்ணும் வாங்கலீங்க. மேப்பு பாத்துத்தானுங்க வாங்குனோம்” என்று செல்போனை நீட்டினார்.

வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய வரைபடம். இந்த ஊர்ப் பெயரின் மேல் அடர்ந்த சிவப்பு.

“எப்படிச் செவந்து கெடக்குது பாத்தீங்களா? பூராம் செம்மண்ணு, செங்காடு. தென்னைக்கு வேறென்னங்க வேணும்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறவன். இதே வரைபடத்தை முழுதாக வகுப்பில் காட்டியிருக்கிறேன். அது மண்ணைக் காட்டும் படம் அல்ல, நிலத்தடி நீரைக் காட்டும் படம். சிவப்பு என்றால் உறிஞ்சித் தீர்த்த ஊர். எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று கீழே போட்டிருந்த கட்டத்தை எந்தப் புண்ணியவானோ வெட்டிவிட்டு அனுப்பியிருந்தான். எதிரில் இருந்தால் அறைந்திருப்பேன்.

மாமாவைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. திண்டுக்கல் நாகல் நகரில் வண்டிகள் அடைத்துக்கொண்டால் என் செல்போன் வரைபடம் சாலையைச் சிவப்பாகக் காட்டும். சிவப்பு என்றால் ஆபத்து என்று எனக்குப் பழகிவிட்டது. அவர்கள் பக்கத்தில் பெண் கொடுக்கும்போதுகூட, மாப்பிள்ளைக்கு இருப்பது செங்காடா, கரிசல் மண் கருங்காடா என்று கேட்பார்கள்; அவர்களுக்குச் சிவப்பு என்றால் நல்ல மண்.

மென்று முழுங்கி ஒருவழியாக விஷயத்தைச் சொன்னேன். மாமா சிரித்தார். “செவப்புக்கும் தண்ணிக்கும் என்னங்க சம்பந்தம்? தண்ணின்னா நீலத்துலதான போடுவாங்க?”

நியாயமான கேள்விதான். நான் விளக்குவதற்குள் இன்னொரு குழாய் இறங்கியது. அப்போதும் ஈரமில்லாத புழுதிதான் பறந்தது. மாமாவின் சிரிப்பு நின்றது.

தண்ணீர் வந்தால் தெளிக்கச் சொம்பில் மஞ்சள் தண்ணீரோடு நின்ற அக்கா செல்போனை வாங்கிப் பார்த்தாள். முன்பு அவர்களுக்குப் பக்கத்து ஊரில் சின்னத் தோட்டம் ஒன்று இருந்தது. ஒரே கல்லாக இருக்கிறது என்று சலித்துக்கொண்டு, அதை விற்றுத்தான் இதை வாங்கியிருந்தார்கள்.

“தம்பி, நாங்க வித்த ஊரு பச்சையால்ல இருக்கு. பச்சைன்னா என்னடா?”

“தண்ணி இருக்குன்னு அர்த்தம்க்கா.”

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமா எங்கள் பக்கமே திரும்பவில்லை. “நிறுத்தாதீங்க, இன்னும் எறக்குங்க” என்று லாரிக்காரரைப் பார்த்துக் கத்தினார்.