நாமக்கோழிக்கு ஒரு டிக்கெட்

ஏஞ்சல் காலையில் வந்ததும் முதல் வேலையாக டிக்கெட் எடுப்பாள். பஸ்ஸுக்கோ தரிசனத்துக்கோ இல்லை, கம்ப்யூட்டருக்கு. தோள்பையைக் கழற்றும் முன்பே கருப்புத் திரையில் 'கினிட்' என்று ஒரு சொல்லைத் தட்டுவாள். அடுத்து பாஸ்வேர்டு. அது தட்டும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, மறைக்கிற புள்ளிகூட வராது. விரல் ஓடுவதைப் பார்த்துத்தான் ஏதோ நடக்கிறது என்று நம்ப வேண்டும்.

நான் மஹாலட்சுமி. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச்சேலைக் கம்பெனியின் கிளையில், நெய்து வரும் சேலைகளைப் பிரித்துப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது என் உத்தியோகம். அந்தப் புத்தி சேலையோடு நிற்பதில்லை. பக்கத்து மேசையில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்காவிட்டால் எனக்கு மதியச் சோறு இறங்காது.

"டிக்கெட்டு டிக்கெட்டுன்றியே, எங்க இருக்குது அது? கண்ணுல காட்டு" என்று ஒரு நாள் கேட்டேன்.

'கேலிஸ்ட்' என்று தட்டினாள். அவள் பெயர் வந்தது. டிக்கெட் எப்போது பிறந்தது, எப்போது காலாவதி ஆகும் என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

"நம்ம டிசைன் எல்லாம் சென்னை ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்குதுக்கா. ஒவ்வொரு பைல் எடுக்கறப்பவும் நான்தான் ஏஞ்சல்னு நிரூபிச்சுக்கினு இருக்க முடியுமா? காலைல ஒரு தபா நிரூபிச்சா டிக்கெட் குடுத்துடும். அப்பால அதைக் காட்டினா போதும். ராத்திரிக்குள்ள செத்துடும்."

"பாஸ்வேர்டை இங்கேர்ந்து சென்னைக்கு அனுப்பறியா? வழியில எவனாவது பாத்துட்டா?"

"பாஸ்வேர்டு இந்த மிஷினை விட்டு வெளியவே போகாதுக்கா. ஏதோ ஒண்ணை அந்த பாஸ்வேர்டாலயே பூட்டி அனுப்பும். அங்க இருக்கறவங்ககிட்டயும் அதே சாவி இருக்குது. பூட்டு தொறந்துச்சுன்னா நான்தான்னு அர்த்தம்."

"பூட்டின பெட்டிக்குள்ள என்ன வச்சு அனுப்புது?"

ஏஞ்சல் யோசித்தாள். "அது தெரியலக்கா. படிச்சுப் பாத்துட்டு சொல்றேன்."

அவளிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்வாள். சொல்லிவிட்டு அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். முசரவாக்கத்துப் பெண். அப்பா ஜான்சன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். அம்மா நாற்று நடப் போனவர், இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் சமைக்கிறார். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, டிசைன்களை எடுத்து பென்டிரைவில் போட்டு, தறியில் செருகிக்கொள்ள நெசவாளர்களிடம் கொடுக்கும் வேலைக்குத்தான் வந்தாள். சும்மா இருக்கிற நேரத்தில் கட்டம் கட்டமாகத் தானும் வரைய ஆரம்பித்தாள். இரண்டு டிசைன் சென்னையில் தேறியது. ஆனால் எந்தத் தறியிலும் ஏறவில்லை. குறித்த கெடுவுக்குள் தறி ஏறாத டிசைனை எடுத்துவிடுவது கம்பெனி வழக்கம். இரண்டும் அப்படித்தான் போயின.

மூன்றாவதாகத் தேறியது நாமக்கோழி. அவள் ஊர் ஏரியில் நீந்துகிற கருப்புப் பறவை, நெற்றியில் வெள்ளையாக நாமம் போட்டிருக்கும். அதைச் சேலைக் கரையில் வரிசையாக நீந்தவிட்டிருந்தாள். எங்கள் மேனேஜர் பரசுராமன் சார் நெற்றி நிறைய விபூதியோடு அதைக் குனிந்து பார்த்தார்.

"ஏகாம்பரநாதர் சன்னதிக்குப் பின்னாடி உக்காந்துக்கினு நாமம் போட்ட கோழி வரையறியேமா" என்றார்.

"சாமி சண்டையெல்லாம் அதுக்குத் தெரியாது சார்" என்றாள் ஏஞ்சல்.

பக்கத்துத் தெரு தேவகி அங்கே நின்றிருந்தாள். பட்டு நெய்கிற குடும்பம், சொந்தத் தறி. அவள் சிரித்த சிரிப்பில், "அந்தக் கோழிய என் தறிக்குக் குடு. வெள்ளிக்கிழமை புதுப் பாவு ஆரம்பிக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். பாவு என்பது தறியில் நீளவாக்கில் பூட்டும் நூல். அந்த வாரத்தோடு கெடு முடிகிறது. ஏஞ்சல் அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் தறியில் கால் வைத்துவிட வேண்டும் என்று தேவகி ஒன்பதரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். ராகுகாலம் என்றால் பரசுராமன் சார் இன்னும் ஒரு படி மேல். யாரும் தப்பித் தவறி அதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருப்பார். அந்தப் பத்து நிமிடத்தை மனதுக்குள் கழித்துக்கொள்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது.

பத்து மணிக்கு வந்ததும் ஏஞ்சல் கினிட் தட்டினாள். பாஸ்வேர்டு போட்டாள். டிக்கெட் வரவில்லை, ஒரு வரி வந்தது. திரும்பப் போட்டாள். அதே வரி.

"என்னமா சொல்லுது?" என்றார் பரசுராமன் சார்.

"க்ளாக் ஸ்கியூ டூ கிரேட்னு வருது சார்."

'ஸ்கியூ' நான் தினமும் எழுதுகிற சொல். குறுக்கு நூலான ஊடை நேராக ஓடாமல் சாய்ந்து போனால் ரிப்போர்ட்டில் அப்படித்தான் போடுவோம். அந்தச் சொல் விழுந்த சேலை கடைக்குப் போகாது. பரசுராமன் சாருக்கும் அது ஒன்றுதான் காதில் விழுந்தது.

"ஸ்கியூவா? கோணலா இருக்குதுன்னு சென்னைல நிறுத்திட்டாங்க போல."

"டிசைன்ல கோணல் இல்ல சார். நான் கட்டம் எண்ணித்தான் போட்டேன்."

"மிஷின் பொய் சொல்லுமாமா? ரொம்பக் கோணல்னு சொல்லுது."

அவள் வரைந்ததன் காகித நகல் சுவரில் ஒட்டியிருந்தது. எல்லோரும் அதன் முன்னால் போய் நின்றோம். நான் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். கோழிகள் ஒரே கோட்டில் நீந்தின. ஆனால் கோணல் என்று ஒருவர் சொன்ன பிறகு எதைப் பார்த்தாலும் கொஞ்சம் சாய்ந்தமாதிரிதான் இருக்கிறது. தேவகி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"வாலு கொஞ்சம் எறங்கினாப்பல இல்ல?" என்றாள்.

ஏஞ்சல் முகம் சுருங்கிவிட்டது. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து இருபது.

"பாவம் பாத்தா ஆகாது ஏஞ்சலு. பாவைச் சும்மா போட்டு வைக்க முடியாது. மயில் கரை பென்டிரைவ் வூட்ல இருக்குது, அதையே போட்டுக்கறேன்" என்று தேவகி எழுந்தாள். ஒருமுறை மயில் ஏறிவிட்டால் அந்தப் பாவு தீரும்வரை மயில்தான். நாமக்கோழி போனது போனதுதான். எனக்கு அழுகையே வந்தது.

ஏஞ்சல் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அந்த வரியைத் தனக்குள் படித்தாள். பிறகு மெதுவாக என்னைப் பார்த்தாள்.

"அக்கா, அன்னிக்குக் கேட்டீங்களே, பெட்டிக்குள்ள என்ன வச்சு அனுப்புதுன்னு."

"இப்போ அதுவா முக்கியம்?"

"படிச்சுப் பாக்க நேரம் கெடைக்கலக்கா, ஆனா யோசிச்சுப் பாருங்க. தினமும் ஒரே சொல்லைப் பூட்டி அனுப்பினா, எவனாவது நேத்து பெட்டியத் திருடி இன்னிக்கு நீட்டலாம். அதனால தினமும் மாறுற எதையோதான் வைக்கணும். மணியைத்தான் வைக்குது. இப்போ மணி என்னன்னு எழுதிப் பூட்டி அனுப்புது. அங்க தொறந்து பாத்தா அவங்க மணியோட ஒத்துப்போகணும். க்ளாக்னு முதல்லயே சொல்லிக்கினு இருக்குது, நாமதான் ஸ்கியூவையே புடிச்சுக்கினு இருந்தோம்."

செல்போனை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். போனில் பத்து பன்னிரண்டு. கம்ப்யூட்டரில் பத்து இருபத்திரண்டு.

"இந்த மிஷின் டைமை யாரு மாத்தினது?"

பரசுராமன் சார் தொண்டையைச் செருமினார். "நேத்து சாயங்காலம் நான்தான்மா. செவுத்துல ஒரு மணி, இதுல ஒரு மணின்னு இருந்துச்சு. செவுத்துக்குத் தக்கன வச்சேன்."

"சரியான டைமுக்குத் திருப்பி வச்சிடுங்க சார். உங்க பாஸ்வேர்டுலதான் மாத்த முடியும்."

நாற்காலிக்கு அருகே வந்தவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா நேரத்தைப் பின்னால தள்ளச் சொல்றியேமா. அது நல்லதில்ல."

வாசலில் நின்ற தேவகி திரும்பினாள். "முன்னால தள்ளினப்போ மட்டும் நேரத்துக்கிட்ட கேட்டீங்களா சார்? ராகுகாலம் வர இன்னும் நேரம் இருக்குதுன்னு தெரிஞ்சா நான் எதுக்குக் கெளம்பறேன்?"

பரசுராமன் சார் முருகா என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து திருத்திவிட்டார். ஏஞ்சல் கினிட் தட்டி, பாஸ்வேர்டு போட்டாள். திரையில் ஒன்றும் வரவில்லை. அடுத்த வரியில் வெறும் குறி மினுங்கியது.

"என்னடி ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லலைன்னா வந்துடுச்சுன்னு அர்த்தம்க்கா."

பைல் இறங்கியது. பென்டிரைவை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு தேவகி ஓடாத குறையாகப் போனாள். சென்னையிலிருந்து டைமை மாற்றியது யார் என்று ஒரு போன் வந்தது. பரசுராமன் சார் தானே பேசிக்கொண்டார்.

மாலையில் ஏஞ்சலும் நானும் தேவகி வீட்டுக்குப் போனோம். கரையில் இரண்டு விரல் அகலத்துக்கு நெய்திருந்தாள். ஜரிகையில் ஒரு கோழி முழுதாகவும், இன்னொன்று கழுத்துவரைக்கும் வந்திருந்தது. ஏஞ்சல் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வாலு நேராத்தான் இருக்குது" என்றாள் தேவகி. பிறகு கேட்டாள்: "நெசமாவே உங்க ஏரியில இருக்குதா இது? நான் இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து உங்க ஊர் பக்கம் வந்ததே இல்ல."

"ஞாயித்துக்கிழமை வாங்கக்கா. காலைல சர்ச்சுக்குப் போயிடுவோம், மத்தியானமா வாங்க" என்றாள் ஏஞ்சல். சொல்லிவிட்டுத் தயங்கினாள். இந்தத் தெருவிலிருந்து யாரும் அவள் தெருவில் கை நனைத்ததில்லை என்பது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

தேவகி அறுந்த இழை ஒன்றை முடி போட்டுக்கொண்டே, "மத்தியானம்னா சோத்து நேரமாச்சே. உங்கம்மாவை எனக்கும் சேத்து ஒலை வைக்கச் சொல்லு" என்றாள்.

ஏஞ்சல் அங்கேயே செல்போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள்.