புல்லை மிதிக்காத பெரியம்மா

தோட்டக் குழாய்த் துண்டுக்குள் உலர்திராட்சையைத் திணித்து, மேலே வைக்கோலை அடைத்து, கட்டைவிரலால் இன்னும் ஒரு அழுத்து அழுத்துகிறாள். “சுலபமா எடுத்துட்டா அப்புறம் நாள் முழுக்க என்ன பண்ணுவாங்க? சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?”

சிம்பன்சிக் காப்பகத்தில் எல்லோருக்கும் அவள் ‘குழாயக்கா’. சாப்பாட்டை எட்டாக்கனி ஆக்குவதுதான் உத்தியோகம். பழச்சாற்றை வாளியோடு உறையவைப்பாள். கடலையைக் காகிதத்தில் சுற்றி, பெட்டியில் போட்டு, பெட்டியைக் கயிற்றில் தொங்கவிடுவாள். பழக்கதோஷத்தில் கணவரின் சாப்பாட்டுப் பைக்கும் முடிச்சுமேல் முடிச்சு விழும்.

“நானும் உன் கூண்டுல ஒருத்தன்னு நெனச்சியா?”

“அவங்கன்னா இதுக்குள்ள பிரிச்சிருப்பாங்க.”

சிம்பன்சிகளுக்கெல்லாம் உறவுமுறை வைத்திருக்கிறாள். கூட்டத்தின் தலைவன் ‘மாமா’. அவர் கையிலிருந்தே பிடுங்கித் தின்பவன் ‘சின்ன மச்சான்’. புதிதாய் வந்த கிழவி ‘பெரியம்மா’. ஆய்வுக்கூடக் கூண்டிலேயே வயதான உயிர், மண்ணை மிதித்ததில்லை. தினமும் வேலி போட்ட புல்திடலுக்குப் போகும் கதவைத் திறந்தால் சிமெண்ட் வாசல்வரை வரும். ஒரு விரலால் புல்லைத் தொடும், விரலை முகர்ந்து பார்க்கும், உள்ளே போய்விடும். குழாயக்காவின் வித்தைகள் எதுவும் எடுபடவில்லை.

“கூட்டத்தோட சேர்த்தா சண்டை வரும்க்கா, ஓடி ஒதுங்க எடம் வேணும்” என்றார் மருத்துவர். “வெளிய வரமாட்டேன்னா கடைசிவரைக்கும் தனி அறைதான். இந்த வாரத்தோட முடிவு பண்ணிடலாம்.”

“டாக்டர் தம்பி, நீங்க ஊசியப் பாருங்க. பெரியம்மாவ நான் பாத்துக்கறேன்.”

வீறாப்பாய்ச் சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்கு ஒரு வாய் உள்ளே இறங்கவில்லை.

காலையில் கதவைத் திறக்குமுன், இரவில் படுக்கக் கொடுத்த கம்பளிகளை அறையிலிருந்து எடுத்துவிட வேண்டும், அதுதான் முறை. மறுநாள் அதே கவலையில் மறந்துவிட்டாள். வேலிக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான் உறைத்தது.

“ஐயோ, கம்பளி!”

“போச்சு. சேத்துல பொரட்டி எடுக்கப் போகுது” என்றார் பக்கத்தில் நின்ற மருத்துவர்.

பெரியம்மா ஒரு கம்பளியை வாசலுக்கு இழுத்து வந்தது. புல்லின்மேல் விரித்தது. சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டு, அதில் ஏறி உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்து, அதை முன்னால் விரித்து, அதற்கு மாறியது. பிறகு திரும்பி, பின்னால் கிடந்ததை இழுத்து, அதற்கும் முன்னால் விரித்தது. இப்படியே, தனக்கு வேண்டிய தரையைத் தானே போட்டுக்கொண்டு, திடலின் நடுவுக்கே வந்துவிட்டது. அங்கே அண்ணாந்து வெகுநேரம் வானத்தைப் பார்த்தது. கம்பளியின் ஓரத்திலிருந்து ஒரு கால் கீழே இறங்கியது. விரல்கள் விரிந்து, புல்லைக் கவ்விக்கொண்டன.

“யாருக்கா இதைச் சொல்லிக்குடுத்தது?” என்றார் மருத்துவர்.

குழாயக்கா வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ரப்பர் பூட்ஸைக் கழற்றினாள். காலுறையையும் உருவிப் போட்டுவிட்டு, பனி காயாத புல்லில் வெறுங்காலை மெல்ல வைத்தாள்.