கேட்டுக்குக் குறுக்கே நின்ற லாரி

டீசல் போடும் இடத்தில் கடன் கிடையாது. டோல்கேட்டில் கிடையாது. டயர் கடையில் கிடையாது என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். லாரி வைத்திருப்பவர் மட்டும் ஊரான் சரக்கைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வாடகைக்காக மாதக்கணக்கில் கைகட்டி நிற்க வேண்டும். இந்த நியாயத்தை எவர் எழுதி வைத்தாரோ, எனக்குத் தெரியாது. நான் ஆறாவதோடு நின்றவள். பள்ளிக்கூடத்துக்கு என்னைப் பிடிக்காமல் போன அதே நாளில் எனக்கும் அதைப் பிடிக்காமல் போயிற்று.

அப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு லாரி. துவாக்குடியில் இரும்புச் சாமான் செய்யும் ஒரு கம்பெனிக்காகச் சென்னைத் துறைமுகத்துக்கு மூன்று நடை ஓட்டியிருந்தார். ஒன்றுக்கும் வாடகை வரவில்லை. கேட்கப் போகும்போதெல்லாம் முதலாளி டீ வரவழைத்துக் கொடுத்து, "அடுத்த வாரம் வாங்களேன்" என்று அனுப்பிவிடுவார். அப்பா குடித்த டீயை டேங்கில் ஊற்றியிருந்தால் வண்டி திண்டிவனம் வரை போயிருக்கும். அந்த வாரம் தவணை கட்டாவிட்டால் ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியைத் தூக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

வழி சொன்னது மாமா. அம்மாவின் தம்பி, எங்கள் வண்டிக்குக் கிளீனர்.

"வாடகை வேணும்னு போனாத்தானேக்கா டீயக் குடுத்து அனுப்பறாரு. நாம வாயே தொறக்க வேணாம். வண்டி அவரு வாசல்லயே ரிப்பேராயி நிக்கட்டும்."

நான் அப்போது ஐந்தாவது. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்கூல் லீவு. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் கால் வைக்க இடமில்லை. ஊரே உள்ளே வந்துகொண்டிருக்க, உள்ளூர்க்காரர்கள் நாங்கள் நாலு பேர் வெளியே போனோம்.

கம்பெனி கேட்டுக்குக் குறுக்கே வண்டி இரண்டு தும்மல் தும்மி நின்றது. மெக்கானிக்கைத் தேடப் போவதாகச் சொல்லிவிட்டு அப்பாவும் அம்மாவும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்தார்கள். மாமா ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் படுத்தார். படுத்ததும் தூங்கிவிட்டார். யாராவது வந்தால் நான் அவர் காலை உதைக்க வேண்டும். அவர் டங் டங்கென்று தட்டுவார். நான் ஒழுங்காகச் செய்த ஒரே உத்தியோகம் அதுதான்.

உள்ளே துறைமுகத்துக்குப் போக வேண்டிய டிரெய்லர் ஒன்று வெளியே வர முடியாமல் ஹாரன் அடித்தது. மேனேஜர் வந்தார். உதைத்தேன். டங் டங்.

"என்னப்பா, எவ்வளவு நேரமாகும்?"

"தெரியலீங்க. பார்ட்ஸ் வாங்கணும், கையில காசில்ல. முதலாளி இருக்காங்களா?"

"அவரு ஸ்ரீரங்கம் போயிருக்காருப்பா, சொர்க்கவாசலுக்கு."

"நாங்க அங்கேருந்துதாங்க வரோம்" என்றது வண்டிக்கு அடியிலிருந்த குரல். "முன்னாடியே சொல்லியிருந்தா அங்கேயே பாத்திருப்போம்."

மேனேஜர் போன் போட்டார். மத்தியானம் முதலாளி காரில் வந்து இறங்கினார். நெற்றி நிறைய நாமம், கையில் பிரசாதப் பை. அப்பா டீக்கடையிலிருந்து ஓடிவந்து, பணம் தர வேண்டியவர் தான்தான் என்பதுபோலக் கைகூப்பினார்.

முதலாளி சத்தம் போடவில்லை. "இப்படிப் பண்ணிட்டீங்களே. நான் தரமாட்டேன்னு சொன்னேனா?" என்று வருத்தப்பட்டார். "இல்லீங்க" என்றார் அப்பா. இரண்டு நடைக்குப் பணம் வந்தது. மூன்றாவதை விட்டுவிடச் சொன்னார். அப்பா விட்டார். மாமா வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. முதலாளி பையிலிருந்து எனக்கு ஒரு லட்டு கொடுத்தார். எவ்வளவு நல்லவர் என்று நினைத்துக்கொண்டே தின்றேன்.

தவணை கட்டியாயிற்று. வண்டி எங்களோடு தங்கியது. ஆனால் முதலாளிகள் ஒருவருக்கொருவர் போன் பேசிக்கொள்வார்களே, அதை நாங்கள் யோசிக்கவில்லை. ஒரு நடைக் காசை முழுங்கியவருக்கு லாரிகள் வந்துகொண்டுதான் இருந்தன. உழைத்த காசைக் கேட்டவருக்குத்தான் கேட்டை மறித்தவர் என்று பெயர். துவாக்குடியில் அதற்குப் பிறகு ஒரு கம்பெனியும் அப்பாவைக் கூப்பிடவில்லை. வண்டி கொள்ளிடக் கரையில் வெயில் காய்ந்தது.

ஒரு நாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் சொன்னேன்.

"வண்டிதான் சும்மா நிக்குதேப்பா. வேற கம்பெனி வாசல்ல போயி ரிப்பேராகலாமே."

அப்பா சிரித்தார். மாமா தட்டைப் பார்த்துச் சிரித்தார். அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவளுக்கு ஜோக் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, இன்னும் சத்தமாக மறுபடியும் ஒரு தடவை சொன்னேன்.