திக்கித் திக்கி ஓடிய கல்யாணம்

அக்காவுக்குக் கல்யாணம் நடந்தபோது அம்மா குவைத்தில் யாரோ ஒருவர் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தார். லீவு கொடுக்கவில்லை. அடுத்த வருடம்தான் வந்தார், அதுவும் கொஞ்ச நாளைக்கு. எம்பிலிப்பிட்டியவில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா வந்து பார்த்துவிட்டுப் போனாள். அம்மாவுக்கு அது போதவில்லை. கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் பிளேன் ஏறுவேன் என்றார்.

வீடியோவுக்குப் பொறுப்பு என் மாமா. அம்மாவின் தம்பி, தெரணியகலையில் போன் திருத்தும் கடை வைத்திருந்தவர். இருக்கிறதிலேயே உசத்தியாக வேண்டுமென்று ஸ்டூடியோவில் சொல்லி ப்ளூ-ரே டிஸ்க் வாங்கி வந்துவிட்டார். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எந்த வீட்டு டிவிடி பிளேயரும் அதை ஏற்கவில்லை. ஒரு வருடமாக மாதா சுரூபத்தின் பக்கத்தில் பெட்டியோடு கிடந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாமா தன் கடைக் கம்ப்யூட்டரை த்ரீவீலில் ஏற்றி வந்தார். அந்த டிஸ்க்கைப் படிக்கும் டிரைவைக் கொழும்பிலிருந்து வரவழைத்துப் பூட்டியிருந்தார். லயத்தின் வரிசை வீட்டுச் சனமெல்லாம் எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் கூடிவிட்டது. திரையில், கோயில் படியில் அக்கா கால் வைத்தாள். கால் அப்படியே நின்றது. பாட்டு மட்டும் முன்னால் போனது.

"கரண்ட் பத்தல" என்றார் பெரியப்பா.

எங்கள் லயத்தில் எது ஓடாவிட்டாலும் அதுதான் காரணம். ஆளாளுக்கு ஓடிப்போய் கேத்தல், அயன், ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வந்தார்கள். பக்கத்து வீட்டு ரைஸ் குக்கரில் சோறு பாதி வேக்காட்டில் கிடந்தது. அக்காவின் கால் கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது.

மாமாவுக்கு வேர்த்துவிட்டது. "கரண்ட் இல்லங்க. படம் ரொம்பப் பெருசு. விரிச்சுக் காட்ட ரெண்டு மூள உள்ள ப்ராசஸர் வேணும். இதுல ஒன்னுதான்."

"பரவால்ல மாப்ள, ஒனக்கு இருக்கிறத விட ஒரு மூள கூடத்தான்" என்றார் பெரியப்பா.

பிற்பாடு ஊர் ஊராய்த் திரிந்த காலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் தூசி தட்டியபோதுதான், மாமா சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு யாரும் நம்பவில்லை. கல்யாணம் திக்கித் திக்கி ஓடியது. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அம்மா மட்டும் அசையவில்லை. கடைசியில் விருந்தில் நான் ஆடும் இடம் இருந்தது. பொழுது சாய்ந்தும் அது வரவில்லை.

மறுநாள் மாமா யாரிடமோ கெஞ்சி, படத்தை விரிக்கும் வேலையைத் தானே செய்யும் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்து பூட்டினார். படம் தண்ணீராய் ஓடியது. மோதிரம், தாலி, கேக். நானும் ஆடினேன். முடிந்தது. மாமா பெருமையாக அம்மாவைப் பார்த்தார்.

"அவ்வளவுதானா? தாலி கட்டுனது கண்ணுக்கே தெரியலயே. அந்தக் கார்ட கழட்டிட்டு நேத்து மாதிரி போடு தம்பி."

"ஐயோ அக்கா, நேத்து அது ஓட மாட்டாமத்தானே நின்னுச்சு! எங்க நிப்பாட்டணும்னு சொல்லுங்க, நானே நிப்பாட்டுறேன்."

"எல்லா எடத்துலயும்" என்றார் அம்மா.

மாமா ஸ்குரூட்ரைவரை எடுத்தார். நான் இன்னொரு தடவை ஆடுவதைப் பார்க்க விடாமல் இரண்டு பேரும் சேர்ந்து கெடுக்கிறார்கள் என்று எனக்கு அழுகை வந்தது. விடிந்தால் அம்மாவுக்கு பிளேன் என்பது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. அதையும் அம்மா கேட்டதையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.