வலிக்காத காலுக்கு நன்றி

டாக்டரின் அறையில் அன்று நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: டாக்டர், என் தகப்பனாராகிய அத்தா, நான், அடுத்த வீட்டுக் கல்யாணியம்மா. இருந்திருக்க வேண்டிய அம்மா இல்லை. அவர் தாராபுரத்துக்குக் கிழக்கே எங்கள் ஊரில், ‘இங்கு யாவரும் நலம்’ என்று நான் எழுதிப் போட்ட கார்டைத் தபால்காரரையே படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பார். மனைவிக்குத் தெரியாத ஒரு சேதி, உறவும் மதமும் பாஷையும் வேறான ஓர் அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. அது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்களுக்கு இது ஒரு செய்தி. என்னைப்போல மூட்டையோடு பிழைக்க வந்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் ‘நல்லா இருக்கோம்’ என்று சொல்லிச் சொல்லி நாக்குப் பழகிப்போனவர்களுக்கு இது கொஞ்சம் சொந்த விஷயம்.

பாலக்காட்டை அடுத்த கொல்லங்கோட்டுப் பக்கம் குடிவந்த புதிதில் எனக்கு வினோதமாகப் பட்டது மழையோ சிவப்பரிசிக் கஞ்சியோ அல்ல. நலம் விசாரித்தால் வருகிற பதில். எங்கள் ஊரில் ‘சௌக்கியமுங்களா?’ என்று கேட்பது படலைத் தள்ளுவது மாதிரி. ‘இருக்கறனுங்க’ என்று பதில் வந்தால் படல் திறந்துவிட்டது, உள்ளே போய் வந்த விஷயத்தைப் பேசலாம். கல்யாணியம்மாவோ அதை நிஜமான கேள்வியாகவே எடுத்துக்கொள்வார். ஒரு பசு, பத்து வாழை, பட்டாளத்தில் ஒரு மகன், இவ்வளவுதான் அவருக்கு. காலையில் முற்றம் கூட்டிக்கொண்டிருப்பவரை மரியாதைக்கு ‘சுகமா?’ என்று கேட்டுவிட்டால் துடைப்பத்தைச் சுவரில் சாத்துவார். ‘எந்து சுகம் மாஷே’ என்று உச்சந்தலையில் ஆரம்பித்து, பிடரி, இடுப்பு, முழங்கால் என்று இறங்கி, கடைசியில் பசுவின் மடிவீக்கத்தில் வந்து நிற்பார். வாத்தியாருக்கு இங்கே மாஷ் என்று பெயர். அவர் குதிகாலுக்கு வருவதற்குள் என் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்திருக்கும்.

அத்தா இதற்கு நேர் எதிர். அவரிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்: ‘அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்.’ எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று அதற்குப் பொருள். எங்கள் கிணறு வறண்டு, உழவு மாட்டை விற்ற அன்றைக்கு வேலியோரம் நின்ற பக்கத்துக் காட்டுக்காரர் ‘எப்படி ராவுத்தரே?’ என்று கேட்டார். கையில் வெறும் தலைக்கயிற்றை வைத்துக்கொண்டே அத்தா அந்த வார்த்தையைத்தான் சொன்னார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் கயிறு இன்றும் கண்ணில் நிற்கிறது. கொடுத்தவனிடமே குறை சொல்வது அடியானுக்கு அழகல்ல என்பது அவர் கட்சி. அதற்கப்புறம்தான் அவர் துண்டும் வேட்டியும் சேலையுமாக மூட்டை கட்டி, பொள்ளாச்சி வழியாக இந்தப் பக்கம் வந்தார். கோவிந்தாபுரம், முதலமடை, கொல்லங்கோடு என்று வாரம் முழுவதும் நடை. கடை அவர் தோளில், வாடகை அவர் காலில். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறவனிடம் எவளும் கல்யாணச் சேலை எடுக்க மாட்டாள் என்பார். அப்படி நடந்த காசில்தான் நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தேன், எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். பயிற்சியும் முடித்து இங்கேயே தமிழ்ப் பிரிவில் வாத்தியாராகவும் சேர்ந்தேன். நாங்கள் வந்தபோது இதுவும் மதராஸ் மாகாணம்தான். பிறகு மாநிலங்களைப் பிரித்த அந்த நவம்பரில், பாயை விட்டு எழுந்திருக்காமலேயே வெளிமாநிலத்தார் ஆனோம். அதற்கும் அத்தாவின் பதில் அதேதான்.

படித்தவன் சும்மா இருப்பானா? வாசகசாலையில் ஓர் இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. நல்லதையே நினை, தினமும் மூன்று நன்மைகளை எழுதி வைத்து நன்றி சொல், வாழ்க்கை மாறும் என்று அதில் போட்டிருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். அத்தா வாயால் செய்வதை நான் நோட்டில் செய்யலாம் என்று தோன்றியது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தினமும் சாயங்காலம் மூன்று வரி எழுதினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதனால் எனக்கு நன்மைதான். வகுப்பில் கோபம் குறைந்தது, தூக்கம் நன்றாக வந்தது, மழைக்கு ஒழுகும் ஓட்டைக்கூட ‘ஒரே இடத்தில்தான் ஒழுகுகிறது’ என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன். அந்த உற்சாகத்தில் கல்யாணியம்மாவுக்கும் உபதேசம் செய்தேன். வலியையே சொன்னால் வலிதான் வளரும், இருக்கிற சுகத்தைச் சொல்லிப் பாருங்கள் என்றேன். துடைப்பத்தைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டார். பிறகு, “எல்லாம் கேட்டேன் மாஷே. நாற்பது வயசாகட்டும், அப்பவும் இந்தப் புஸ்தகம் கையில உண்டான்னு நான் நோக்கறேன்” என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து முழங்காலைத் தொடர்ந்தார்.

என் நோட்டின் நடுப்பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. ஒருநாள் அத்தா வலது காலில் செருப்பில்லாமல் வீடு வந்தார். எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, கவனிக்கவே இல்லை. சித்திரை வெயிலில் கொதிக்கிற தார்ரோட்டில் இரண்டு மைல் அப்படியே நடந்திருக்கிறார். நான் பதறினேன். சுடவே இல்லை கண்ணு, அல்லா பூப்பாதை விரிச்சுட்டான் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைய மூன்று நன்மைகளில் முதலாவதாக, ‘அத்தாவின் கால் வெயிலையும் தாங்குகிறது’ என்று எழுதினேன்.

ஆடி மாதம் ஒரு காலையில் கல்யாணியம்மா எங்கள் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். அவர் முற்றத்துக்கு அப்போதுதான் சாணம் மெழுகியிருந்தார். அத்தா அதன் ஓரமாகக் கிணற்றடிக்குப் போய் வந்திருக்கிறார். மெழுகின தரையில் காலடி வரிசையாகப் பதிந்திருந்தது. வலது கால் பதிந்த இடத்திலெல்லாம் விரல் நுனியில் சிவப்பு. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே அவர் எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார். அத்தா பாயில் உட்கார்ந்து காலைத் திருப்பிப் பார்த்தார். சுண்டு விரலும் அடுத்ததும் கறுத்து, இடுக்கில் புண். கல் இடித்திருக்கும் என்றார். வலி துளிக்கூட இல்லை, அல்ஹம்துலில்லாஹ் என்றார். நான் அன்று சாயங்காலம் நோட்டில் என்ன எழுதினேன் என்று ஊகித்திருப்பீர்கள். ‘அத்தாவுக்குக் காயத்தில் வலி இல்லை.’

ஆனாலும் பாலக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் மலையாளி, நல்லவர், வெளியே ஐம்பது பேர் காத்திருந்தார்கள். ராவுத்தரே, சுகமா என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்றார் அத்தா. வலி உண்டோ? இல்லீங்க. காய்ச்சல்? இல்லீங்க. வேறே ஏதாவது? ஒரு குறையுமில்லீங்க. கேட்ட எல்லாவற்றுக்கும் மலர்ந்த முகம். எப்படி இடித்தது என்று கேட்டதற்கு, அது கிடக்குதுங்க, உங்க புள்ளைங்க சௌக்கியமா என்று திருப்பிக் கேட்டார். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை சந்தோஷமான நோயாளியை அவர் அன்று பார்த்திருக்க மாட்டார். மருந்து வைத்துக் கட்டி, களிம்பு கொடுத்து அனுப்பினார். நான் பக்கத்திலேயே நின்றேன். இரவில் ஐந்தாறு தடவை அவர் எழுந்து வெளியே போவது எனக்குத் தெரியும். குடத்துத் தண்ணீர் காலையில் காலியாக இருப்பதும் தெரியும். ஆனால் அவர் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் குறை சொல்வதா? வாயை மூடிக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பும்போது அத்தாவின் பதில்களை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பதினேழு நாள் அப்படிப் போயிற்று. அந்தப் பதினேழு நாளும் அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பதினெட்டாம் நாள் காலை கல்யாணியம்மா வெளுத்த முண்டும் மேல்துண்டுமாக வந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புங்கோ என்றார். எதற்கு என்றேன். நாற்றம் என் முற்றம் வரைக்கும் வருது, எதுக்குன்னு கேக்குது இந்த மாஷ் என்றார். அத்தா வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தார். கல்யாணியம்மா கேட்கவில்லை. அப்படித்தான் அவர் அந்த அறைக்கு வந்து சேர்ந்தார்.

டாக்டர் ‘சுகமா?’ என்றார். அத்தா ‘அல்ஹ—’ என்று ஆரம்பிப்பதற்குள் கல்யாணியம்மா முன்னால் வந்து நின்றார்.

“சுகமில்லா டாக்டரே. இந்த மனுஷன் ஒண்ணும் பறைய மாட்டார், நான் பறையறேன். நாலு செம்பு வெள்ளம் குடிச்சும் தாகம் போகல்லை. ராத்திரி முழுசும் வேலியோரம் போறார், அங்ஙே காலையில எறும்பு மொய்க்குது, நான் கண்டேன். அரை ஆளா மெலிஞ்சுபோனார், அந்தச் சட்டையை நோக்குங்கோ. கண்ணு மங்கல், நேத்து என் பசுவைக் கண்டு ‘யாருங்க?’ன்னு கேட்டார்.”

உச்சந்தலையில் ஆரம்பித்துக் குதிகால் வரை, தன் வலிகளைச் சொல்கிற அதே ஒழுங்கில், ஒன்றுவிடாமல் சொன்னார். அத்தா தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் இருந்த நான் பார்க்காததை, வேலிக்கு அந்தப்புறம் இருந்து ஒரு அம்மாள் பார்த்திருக்கிறார். வலியோடு வாழ்கிறவர்களுக்கு அடுத்தவர் உடம்பும் கண்ணில் படுகிறது போலும். டாக்டர் சிறுநீரை வாங்கி, நீல மருந்தில் கலந்து சூடு காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் நின்றது. சர்க்கரை வியாதி. பிறகு அத்தாவைக் கண்ணை மூடச் சொல்லி ஓர் ஊசியால் பாதத்தில் அங்கங்கே குத்தினார். எங்கே குத்துகிறேன் என்று கேட்டார். இன்னும் குத்தலீங்களே என்றார் அத்தா.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். “எத்தனை நாளா இந்தக் கால் வலிக்கலை?”

அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. “அது ஆச்சுங்க, ஒரு வருசத்துக்கு மேல” என்றார் அத்தா, பழக்க தோஷத்தில் கொஞ்சம் சந்தோஷமாகவே.

“உங்க அப்பனுக்கு வலிக்காததுதான் மாஷே வியாதி” என்றார் டாக்டர் என்னைப் பார்த்து.

இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். முதல் தடவையே எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் புண்ணோடு போயிருக்கும், இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே போயிருக்கும் என்றார்கள். எடுத்த அங்கத்தை மண்ணில் சேர்ப்பது எங்கள் மரபு. பஞ்சில் சுற்றித் தந்ததை வாங்கிக்கொண்டு போனேன். பள்ளிவாசல் மோதினார் கபர்ஸ்தானின் சுவரோரத்தில் ஒரு முழக் குழி வெட்டித் தந்தார். எந்த ஊர் என்று மட்டும் கேட்டார். தாராபுரம் பக்கம் என்றேன். சொல்லிவிட்டுக் கீழே பார்த்தேன்; மண் மூடியாகிவிட்டது.

அன்று சாயங்காலம் நோட்டைத் திறந்து, பழைய பக்கங்களைப் படித்தேன். கிழித்துப் போடலாம் என்றுதான் எடுத்தேன். கிழிக்கவில்லை. நன்றி சொன்னது தப்பில்லை, பார்க்காமல் சொன்னதுதான் தப்பு என்று எனக்கு அப்போது பட்டது. இப்போதும் அதுதான் என் முடிவு. பிழைக்க வந்த இடத்தில் சிரித்த முகம் நமக்குத் தேவை. அது இல்லாமல் நம்மில் பாதிப் பேர் முதல் மாதமே திரும்பியிருப்போம். ஆனால் அந்தச் சிரிப்பை டாக்டரிடமும், ஊருக்குப் போடும் கார்டிலும் காட்டக் கூடாது. இப்போது எங்கள் வீட்டில் ஒரு புது வழக்கம். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் அத்தா காலை நீட்டுவார். நான் சவரக் கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடிப்பேன். இடுக்கு இடுக்காகப் பார்த்து, வெடிப்பு, சிவப்பு, கொப்புளம் எதுவானாலும் நோட்டில் எழுதுவேன். அதற்கப்புறம் அவர் அல்ஹம்துலில்லாஹ் சொல்வார். முன்னைவிட அந்த வார்த்தைக்கு இப்போது எடை கூடியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். கல்யாணியம்மாவிடம் தினம் ஒரு தடவை சுகமா என்று கேட்கிறேன், குதிகால் வரைக்கும் நின்று கேட்கிறேன். பள்ளிக்குக் கால்மணி நேரம் முன்னால் கிளம்பினால் போதும்.

ஊர் ஊராக நடப்பது நின்றுவிட்டது. கோவிந்தாபுரத்தில் ரோட்டோரம் ஒரு சின்னக் கடை பிடித்தோம். அத்தா கிழக்கே பார்த்து உட்கார்ந்திருப்பார். பொள்ளாச்சி பஸ் அந்த வழியாகத்தான் வரும். அம்மாவுக்கு உள்ளது உள்ளபடி கார்டு போட்டேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. நான்காம் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கினார். கடைக்குள் வந்து, மூட்டையைக்கூட இறக்காமல், “எப்படி இருக்கீங்க?” என்றார்.

அத்தாவின் உதடு அசைந்தது. என்னைப் பார்த்தார். பிறகு முக்காலியில் வைத்திருந்த காலின் கட்டைத் தானே அவிழ்த்துக் காட்டினார். “சக்கரை வியாதி புள்ள. தெனம் ஊசி. பழையபடி நடக்க முடியாது” என்றார். அதற்கப்புறம்தான், மெதுவாக, “அல்ஹம்துலில்லாஹ்.”

அம்மா குனிந்து மீதி எட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அந்த ரெண்டும் எங்கே என்றார். அத்தா முதுகுக்குப் பின்னால், மேற்கே கையைக் காட்டினார்.

“பாலக்காட்டுக் கபர்ஸ்தான்ல எடம் புடிச்சு வெச்சிருக்குது. என்னைய நம்மூர்லதான் அடக்கணும், அதுல மாத்தமில்ல. ஆனா மறுமை நாள்ல எந்திரிச்சா, நான் நொண்டிக்கிட்டே இவ்வளவு தூரம் வந்து இதை வாங்கிக்கிட்டுத்தான் போகணுமாட்ட இருக்குது.”

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதுக்கெல்லாம் மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று என்னைக் கேட்டார். நான் சீட்டுகளைத் தேடுவதற்குள் அத்தாவே சொன்னார்.

“பதினேழு நாளு எல்லாரும் வாய மூடிட்டு இருந்ததுக்கு, ரெண்டு வெரலு.”