நாற்றம் இல்லை என்று எழுதியவர்

எலும்பை வேகவைத்துக் கோந்து காய்ச்சுகிற ஊர் எங்களுடையது. ரயில் நெருங்கும்போதே பயணிகள் சன்னலைச் சாத்திவிடுவார்கள். சாத்தினால் விட்டுவிடுமா? குடலைப் பிடுங்கும். முதலாளிகள் மலைப்பக்கம் வீடு கட்டிக்கொண்டு, அங்கிருந்தபடி இதைத் தொழில் வளம் என்கிறார்கள். வளமாம்!

என் அக்கா வீட்டுக்காரர் கோந்துக் கொப்பரை கிளறியே இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர். மூக்கு எப்போதோ செத்துவிட்டது. தெருக்காரர்கள் மனு மேல் மனு போட்டதும், தினமும் மூன்று வேளை காற்றை முகர்ந்து பதிவேட்டில் எழுத கம்பெனி ஓர் ஆளைப் போட்டது. அத்தனை பேரில் அத்தானைப் பொறுக்கி எடுத்தார்கள். கேட்டருகே நாற்காலி, சட்டைப்பையில் பேனா. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணை மூடி, மூச்சை இழுத்து, 'நாற்றம் இல்லை' என்று முத்து முத்தாக எழுதுவார். பொய் என்றும் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு எரிச்சல்.

அக்கா மகளுக்கு வெளியூரில் பையன் பிறந்தான். கைக்குழந்தையோடு இந்த நாற்றத்துக்குள் வரமாட்டேன் என்றுவிட்டாள்.

"திமிரு! எங்க இருக்கு நாத்தம்? நான்தான் தினம் எழுதுறேனே! அவ வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அத்தான். ஆறு மாதமாகியும் பேரன் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவையும் போகவிடவில்லை.

போன வாரம் மனுவை விசாரிக்க அதிகாரி வந்தார், மூக்கில் கைக்குட்டையோடு. மேனேஜர் பதிவேட்டை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, அக்கா ஒரு டம்ளரோடு, கேட்டருகே கூடியிருந்த தெருக்காரர்களை விலக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு நாளைக்கு முன் திரிந்த பால். பக்கத்தில் நின்ற எனக்கே குமட்டியது.

"இந்தப் பால் எப்படி இருக்குன்னு மோந்து சொல்லுங்க."

அதிகாரி பார்க்கிறார் அல்லவா? அத்தான் வழக்கம்போலக் கண்ணை மூடி, ஆழமாக இழுத்தார்.

"நல்ல பாலாச்சே. இப்பதான் காச்சினியா?"

கூட்டமே அதிரச் சிரித்தது. நானும் சிரித்தேன். கண்ணைத் திறந்து டம்ளருக்குள் பார்த்தவர் முகம் செத்துப்போனது. பிறகுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாளே அந்த நாற்காலியில் வேறொரு கொப்பரை ஆள். இந்த ஊரில் செத்த மூக்குக்கா பஞ்சம்?

இரண்டு நாள் அத்தான் வெளியே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள், "வாங்க, புள்ளையப் பாத்துட்டு வரலாம்" என்று அவரே எங்களைக் கிளப்பினார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவன் எழுந்து வேறு இடத்துக்குப் போனான். அத்தான் தன் சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

நடந்தது எதுவும் மகளுக்குத் தெரியாது. குழந்தையை அப்பா மடியில் வைத்தாள். அவர் அவன் உச்சந்தலையில் மூக்கைப் புதைத்து மூச்சை இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

"இவன் மேல என்ன வாசனைம்மா வருது?"

"பால் வாசனைப்பா."