பூனை வணங்கிய செடி

சூரமங்கலத்தில் சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு வரிசை லைன் வீடுகள் இருந்தன. அதில் கடைசி வீடு ராசாத்தியுடையது. வீடு என்றால் ஒரே அறை. அடுப்பு, ஆட்டுக்கல், பாய், இட்லிக் கடை எல்லாம் அதற்குள்தான். விடியும் முன்பே மூட்டை தூக்குகிறவர்களும் ரயில்வே கலாசிகளும் வாசலில் வந்து குந்திவிடுவார்கள்.

அவள் வாழப்பாடிப் பக்கத்துக்காரி. பதினாறு வயதில் ஒரு லாரி கிளீனருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். தொப்பூர்க் கணவாயில் லாரி உருண்டு அவன் செத்தான். இவள் கால் வைத்த நேரம் சரியில்லை என்றது மாமியார் வீடு. பிரேக் ஏன் சரியில்லை என்று லாரி முதலாளியைக் கேட்க அங்கே ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. பொட்டை அழித்து, வளையலை உடைத்து, மூலையில் உட்கார வைத்தார்கள். மூலையில் உட்கார்ந்தவளுக்குச் சோறு போட மட்டும் ஆள் இல்லை. மாற்றுச் சேலை ஒன்றோடு பஸ் ஏறிச் சேலம் வந்தவள், ஆட்டுக்கல்லை நம்பிப் பிழைத்துக்கொண்டாள்.

நாள் முழுக்க ஈரத்தில் கிடக்கும் கை. விரல் இடுக்கெல்லாம் வெந்து புண்ணாகும். குப்பைமேனி இலையை மஞ்சளும் உப்பும் வைத்து அரைத்துப் பூசினால் எரிச்சல் அடங்கும். குப்பைமேட்டில் தானாக முளைக்கிற செடிதான். ஆனால் இட்லிக்காரி தினமும் அங்கே குனிந்து இலை பறித்தால் ஏன் எதற்கு என்று நாலு பேர் கேட்பார்கள். கையில் புண் என்று தெரிந்தால் அவள் ஊற்றிய இட்லியை எவன் வாங்குவான்? அதனால் ஒரு டால்டா டப்பாவில் மண் போட்டுச் சன்னலுக்குள்ளேயே அதை வளர்த்தாள். பக்கத்து டப்பாவில் ஓமவல்லி.

செடி வந்த கொஞ்ச நாளில் பூனையும் வந்தது. மஞ்சள் வரி போட்ட பெட்டைப் பூனை. ஓமவல்லியைக் கடித்துவிட்டுத் தும்மும். குப்பைமேனி என்றால் அதற்குக் கிறுக்கு. இலையைக் கொறிக்கும், மண்ணைப் பறண்டி வேரைத் தேடும், வேர் கிடைத்துவிட்டால் எச்சில் ஒழுகத் தலையைத் தரையில் தேய்த்து உருளும். பார்க்கிறவர்களுக்கு அது விழுந்து கும்பிடுவது போலவே இருக்கும். செடி பிழைக்கட்டும் என்று ஓர் உடைந்த சட்டியில் பூனைக்கென்றே அருகம்புல் நட்டுப் பார்த்தாள். பூனை புல்லையும் தின்றது, மூலையில் போய் மயிர் உருண்டையைக் கக்கியது, திரும்பி வந்து குப்பைமேனியிலேயே வாய் வைத்தது.

கண்ணுசாமி சரக்குக் கொட்டகையில் கிளார்க். ராசிபுரத்துப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். நிறையப் படிப்பான். சாமி இல்லை, சகுனம் இல்லை, சாதி இல்லை என்று தெருமுனைக் கூட்டங்களில் தொண்டை கட்டும்வரை பேசுவான். மற்றவர்கள் தின்றுவிட்டுப் போன பிறகு வந்து நிதானமாக உட்கார்ந்து சாப்பிடுவது அவன் வழக்கம்.

“ஏனுங்க, உங்க பூனை உழுந்து கும்புட்டா எந்திரிக்கவே மாட்டேங்குதே. எந்தக் கோயிலுக்கு நேந்துக்கிச்சு?”

“நீங்க வேற. ஏஞ்சாமி, எந்திரி, செடிய உடு.”

“பூனையும் சாமி ஆயிருச்சா? அப்ப இந்த ஊட்டுல எனக்கு வேலை இல்லீங்க, நான் வாரேன்.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. “எங்கூருல இதைப் பூனைவணங்கின்னு சொல்லுவாங்க. வசியத்துக்கு எடுப்பாங்களாம்.”

“வசியமாவது மண்ணாவது! வேருல ஏதோ வாசம். நமக்குச் சாராயம் மாதிரி பூனைக்கு இது.” ஓர் இலையைக் கிள்ளி மூக்கருகில் வைத்துப் பார்த்தான். “எனக்கு ஒண்ணும் ஆகலீங்க. ஆகறது எல்லாம் முந்தியே ஆயிருச்சு.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

ஆவணியில் மாலை மாற்றிக்கொள்வோம் என்றான். ஐயர் வேண்டாம், நல்ல நேரம் வேண்டாம், யூனியன் ஆபீசில் நாலு பேர் நடுவில் இரண்டு மாலை போதும் என்றான். “உங்கம்மா?” என்று மட்டும் கேட்டாள். “அம்மாகிட்ட நான் பேசிக்கறேனுங்க.” அவள் நம்பினாள். அவளிடம் இத்தனை மரியாதையாகப் பேசிய முதல் ஆள் அவன்தான். நம்பாமல் என்ன செய்வாள்?

ஆனி மாதம் அவனுக்கு வயிற்று வலி வந்தது. நேரத்துக்குத் தின்னாமல் டீயும் பீடியுமாகக் கூட்டம் கூட்டமாக அலைந்தவனுக்கு வராமல் என்ன செய்யும்? இளைத்துப் போனான். அம்மா முத்தாயம்மாள் பஸ் ஏறி வந்தார். தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் ராசாத்தியோடு மூஞ்சி கொடுக்காமல் இருந்த பக்கத்து வீட்டு ராஜம்மாள், மகன் சாப்பிடுகிற இடத்தைப் பார்க்க வந்தவரை வாசலிலேயே மடக்கி, இருவர் பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டாள்.

முத்தாயம்மாள் ராசாத்தியின் வாசற்படியைத் தாண்டாமல் நின்று பார்த்தார். உள்ளே பூனை உருண்டுகொண்டிருந்தது.

“ஏம்புள்ள, அது என்ன செடி? பூனை அந்தக் கும்புடு கும்புடுது?”

“அது வந்துங்க, கைக்கு...” என்று ஆரம்பித்த ராசாத்தி, இட்லி இலையும் கையுமாகக் குந்தியிருந்த ஆட்களைப் பார்த்தாள். வந்த சொல்லை விழுங்கினாள். “சும்மா வளத்தறேனுங்க.”

“சும்மா வளத்தறதுக்கு ஒரு ரோசாச் செடி கெடைக்கலயா உனக்கு?”

அன்றைக்கே மகனை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ராசிபுரத்துக்குத் தெற்கே ஓர் ஊரில் மருந்து எடுக்கிறவன் ஒருவன் இருந்தான். பெண்கள் சோற்றில் வைத்த வசிய மருந்தை வயிற்றிலிருந்து குழல் வைத்து உறிஞ்சி எடுப்பதாகச் சொல்லிப் பிழைத்தவன். அம்மாவின் மனதுக்காகத்தான் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கண்ணுசாமி போனான். அறிவை அடகு வைக்கிற படித்தவர்கள் எல்லோருமே இப்படி யாரோ ஒருவரின் மனதுக்காகத்தான் போகிறார்கள். மருந்து எடுக்கிறவன் கண்ணுசாமியின் தொப்புளில் குழலை வைத்து உறிஞ்சினான், தட்டில் துப்பினான். கறுத்த உருண்டை. அதில் கசங்கிய இலை. இலையோடு சுற்றிய பூனை மயிர். எந்த மந்திரவாதியின் கடைவாயையும் திறந்து பார்க்கச் சொல்லிக் கூட்டத்தில் சவால் விட்ட கண்ணுசாமி, இந்த வாயைத் திறந்து பார்க்கவில்லை. அப்புறம் அம்மா வீட்டில் டீயில்லாமல், பீடியில்லாமல், வேளைக்கு மோரும் சோறுமாகக் கிடந்தான். வலி நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? ஆனால் அதுவே அவனுக்குச் சாட்சியாகிவிட்டது.

ஆடி முடிகிற சமயம் ஒரு மத்தியானம் வந்தான். உடம்பு தேறியிருந்தது. உள்ளே வரவில்லை.

“ராசாத்தி, ஒண்ணு கேக்கறேன். மறைக்காமச் சொல்லு. சோத்துல ஏதாச்சும் வெச்சியா?”

அவளுக்கு முதலில் விளங்கவே இல்லை. அவன் சொல்லி முடித்த பிறகும் கேலி பேசுகிறானோ என்று அவன் முகத்தையே பார்த்தாள்.

“கைப்புண்ணுக்கு வளத்தறேனுங்க.” இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். “உங்களுக்கும் தெரிய வேண்டாம்னுதான் மறைச்சேன். வேற ஒண்ணுமில்லை.”

அவன் கைகளைப் பார்த்தான். ஒரு கணம் முகம் இளகியது போல இருந்தது. “அப்ப அந்த மயிரு?”

“எம்பூனை மஞ்சப் பூனைங்க. தட்டுல வந்தது என்ன நெறம்?”

“கருப்பு.”

அவள் மூச்சுவிட்டாள். இதோ முடிந்தது, இனி அவனே தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பான் என்று காத்திருந்தாள். அவன் வாசல் மண்ணைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்:

“வகுத்துக்குள்ள அத்தனை நாள் கெடந்தா கருத்துத்தான் போகும்.”

ராசாத்திக்குள் ஏதோ அப்படியே நின்றுபோனது. லாரி உருண்ட சேதி வந்த அன்றுகூட இப்படி நிற்கவில்லை. அவன் கேட்பதற்கு வரவில்லை, விட்டுப் போவதற்கு ஒரு வழி தேடி வந்திருக்கிறான்.

“ஆமாங்க. வெச்சேன். அதான் எடுத்தாச்சே, போங்க.”

அவன் முகத்தில் வந்த நிம்மதியை அவள் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

தையில் அவனுக்குத் திருச்செங்கோட்டில் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் நடந்தது. மேடைப் பேச்சை விடவில்லை. அதே குரல், அதே கைதட்டல். ராசாத்தியின் வாசலில் கூட்டம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது. ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவப் போனாள். கடைசிவரை அதே ஈரம், அதே புண். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் மஞ்சள் காமாலை வந்து செத்தபோது அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

ஆனால் அவை எல்லாம் பிறகு. அன்று கண்ணுசாமி போன சாயங்காலமே ராஜம்மாள் வந்தாள். லைன் வீட்டுச் சுவர், மூச்சுவிட்டாலும் கேட்கும். கதவைச் சாத்திவிட்டுக் கிட்டத்தில் உட்கார்ந்தாள்.

“பழசெல்லாம் மனசுல வெச்சுக்காத சாமி. எங்கூட்டுக்காரரு அம்மாபேட்டையில ஒருத்தி ஊட்டுக்குப் போயிட்டு வாராரு. எனக்கும் ரெண்டு எல குடேன். எப்படி வெக்கறதுன்னு மட்டும் சொல்லு.”

“அக்கா, அது கைப்புண்ணு மருந்து. சத்தியமா வேற ஒண்ணுமில்லை.”

“எங்கிட்டயே மறைக்கறியே. நீ சொன்னதைத்தான் இந்தக் காதாலயே கேட்டேனே!” ராஜம்மாளின் கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் துக்கமும் பொய்யில்லை. சட்டென்று எழுந்து, செடியை வேரோடு பிடுங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பூனை அவள் பின்னாலேயே ஓடியது.

ராசாத்தி கதவைத் திறந்தபடியே விட்டாள். அடுத்த நாள் இட்லிக்கு அரிசி ஊறப் போடுகிற நேரம் அது. அரிசி அளக்கிற படியைக் கையில் எடுத்தாள். நாளைக்கு எத்தனை பேர் தன் கையால் வாங்கித் தின்பார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அரிசிப் பானையின் முன்னால், படியைப் பிடித்தபடி, வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.